முண்டாசு வரைந்தால் போதுமா?

பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு கேலிச்சித்திரம் வந்தது. ஆறு சர்தார்ஜிகள் ஆற்றைக் கடந்து கரையேறுகிறார்கள். எண்ணுகிறவர் தம்மை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐந்துதான் வருகிறது. ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று ஆறு பேரும் அழுகிறார்கள். கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது நாம் சிறுவயதில் கேட்ட பரமார்த்த குரு கதை. வீரமாமுனிவர் எழுதியதில் அழுபவர்கள் குருவும் அவருடைய ஐந்து சீடர்களும். வழிப்போக்கன் ஒருவன் பணம் வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு அடி போட்டு எண்ணிக் காட்டுவான். இங்கிலாந்தில் இதே கதையை நாட்டிங்காம்ஷயரில் உள்ள காத்தம் கிராமத்தார் மீது ஏற்றிச் சொல்வார்கள். அங்கே பன்னிரண்டு பேர் மீன்பிடிக்கப் போய், பதினொருவரை எண்ணிவிட்டு அழுவார்கள்.

வீரமாமுனிவர் சீடர்களுக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று பெயர் வைத்தார். (மிலேச்சன் என்பதே அயலாரை இகழ்ந்த சொல்தான். அதை நான் மறைக்கவில்லை.) ஆனாலும் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு நாம் தெருவில் யாரையும் சுட்டிக்காட்ட முடியாது. கேலிச்சித்திரம் அப்படியல்ல. ஒரு முண்டாசையும் தாடியையும் போட்டுவிட்டால், துணுக்கைப் படிக்கும் முன்பே இவன் முட்டாள் என்று கண் முடிவு செய்துவிடுகிறது. பல ஆண்டுகளாக நம் வார இதழ்களின் துணுக்குப் பக்கங்கள் நமக்குக் கொடுத்த பயிற்சி இது.

என்னோடு ஒரு சீக்கியர் வேலை பார்த்தார். கணக்கில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரர். பன்னிரண்டு மணி ஆனால் சர்தார்ஜிகளுக்குப் புத்தி தடுமாறும் என்பது பழைய கேலி. பகல் பன்னிரண்டு ஆனால் யாராவது ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்ப்பார். முதல் சில மாதங்கள் அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு அந்த நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவார். டெல்லியைக் கொள்ளையடித்த பாரசீக மன்னன் நாதிர் ஷாவின் படையை நள்ளிரவில் தாக்கி, சிறைப்பட்ட பெண்களை மீட்டவர்கள் தம் முன்னோர் என்று சீக்கியர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. அந்தப் பன்னிரண்டு மணிதான் இந்தக் கேலியாகத் திரிந்தது என்பார்கள். வரலாறாக அது எவ்வளவு தேறுமோ, அவருக்கு அது பெருமை. அதை ஒருமுறைகூட நாங்கள் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன்.

இத்தகைய துணுக்குகளுக்குத் தடை கேட்டு 2015இல் ஒரு சீக்கியப் பெண் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றம் சென்றார். சிங், கௌர் என்ற பெயர்களைச் சேர்த்துக்கொள்ளவே தம் பிள்ளைகள் கூசுகிறார்கள் என்பது அவர் குறை. குடிமக்களுக்கு ஒழுக்க நெறி வகுப்பது நீதிமன்றத்தின் வேலையல்ல என்று 2017 பிப்ரவரியில் நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் ஆர்.பானுமதியும் கூறினர். அது சரியென்றே நினைக்கிறேன். சிரிப்பைப் போலீஸைக் கொண்டு அடக்கக் கூடாது. ஆனால் சட்டம் விலகிக்கொண்ட இடத்தில் நம் பொறுப்பு கூடுகிறது.

ஏனெனில் முண்டாசைப் பார்த்ததும் முடிவெடுக்கும் கண் சிரிப்போடு நிற்பதில்லை. 1984 நவம்பரில் டெல்லியில் வெறிக்கும்பல்கள் தேடியது அந்த அடையாளத்தைத்தான். அரசுக் கணக்கின்படியே அங்கு 2,733 பேர் கொல்லப்பட்டார்கள். நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்த நான்காம் நாள், 2001 செப்டம்பர் 15 அன்று, அமெரிக்காவின் அரிசோனாவில் பல்பீர் சிங் சோதி தம் பெட்ரோல் நிலையத்தின் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். முண்டாசையும் தாடியையும் பார்த்து அவரை முஸ்லிம் என்று நினைத்துவிட்டான் சுட்டவன். துணுக்குகளால்தான் இவை நடந்தன என்று நான் சொல்லவில்லை. ஒரு மனிதனைப் பார்க்காமல் அவன் தலைப்பாகையை மட்டும் பார்க்கும் பழக்கத்தைச் சொல்கிறேன்.

குழுவில் இதை எழுதினேன். "நகைச்சுவையை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் பதில் போட்டார். 1968இல் வந்த 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத் குடுமி வைத்து, பேச்சை இழுத்து நடித்த பாட்டு வாத்தியார் பிள்ளையைப் பார்த்து வடக்கே வயிறு குலுங்கச் சிரித்தார்கள். தென்னாட்டார் அத்தனை பேரையும் ஒரே 'மதராஸி'யாக்கும் பேச்சைக் கேட்டு இதே நண்பர் டெல்லியிலிருந்து கொதித்துப்போய் எனக்கு எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்று காலை அதைப் படம் எடுத்து அவருக்கு மட்டும் அனுப்பியிருக்கிறேன்.