ஈ.கோலை கிருமி முளைகட்டிய வெந்தயத்தில் வந்ததை மறந்துவிட்டீர்களே
இறைச்சியைத் தொடாதவர்கள் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்குப் பயப்பட வேண்டாம் என்று உங்கள் கட்டுரையில் வரும் வரிதான் இடிக்கிறது. 2011-ல் ஜெர்மனியில் இந்தக் கிருமியால் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். காரணம் மாட்டிறைச்சி இல்லை, முளைகட்டிய வெந்தயம். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழியைப் போட்டார்கள், பாவம் அந்த விவசாயிகள் விளைந்ததைக் கொட்டி அழித்தார்கள். பிறகுதான் விசாரணை வடக்கு ஜெர்மனியின் முளைப்பயிர்ப் பண்ணை ஒன்றில் போய் நின்றது. விதை எகிப்திலிருந்து வந்தது. ஈரத்துணி, இளஞ்சூடு, இரண்டு நாள்: பயறு முளைக்க எது வேண்டுமோ அதுவேதான் கிருமி பெருகவும் வேண்டும். நான் இப்போதெல்லாம் முளைப்பயறை வேகவைத்துத்தான் சாப்பிடுகிறேன். அப்புறம், இந்தக் கிருமி வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. என் அம்மா முட்டைகூடத் தொடாதவர். போன வருடம் நீர்க்கடுப்பு, நடுக்கத்தோடு காய்ச்சல். சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட்டில் இருந்தது ஈ.கோலை. குடலில் சும்மா கிடந்தது சிறுநீர்ப்பாதையில் ஏறினால் இந்தப் பாடு. ரிப்போர்ட்டில் பாதி மருந்துகளுக்கு எதிரே 'கேட்காது' என்று வேறு இருந்தது. மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர், பேதியானால் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் போச்சு என்கிறார். ரத்தத்தோடு போனால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அது ஷிகா என்ற நச்சை உண்டாக்கும் ஈ.கோலை வகையாக இருந்தால் சில ஆன்டிபயாடிக்குகள் அந்த நச்சைக் கூடுதலாக வெளியேற்றக்கூடும், அடி விழுவது சிறுநீரகத்துக்கு.