அமகுனிக்கு முப்பது நாள் போதுமாம்!

ஜப்பானின் வளைந்த வாளை அமகுனி என்ற ஒரே கொல்லர் கண்டுபிடித்தார் என்று சொன்ன அந்த வீடியோவைப் பற்றி இனி பேசவேண்டாம் என்றுதான் இருந்தேன். பதில் சொல்லாமல் என் கமெண்டை அழித்துவிட்டு, 'பொறாமை' என்று பட்டமும் கட்டிவிட்டார்கள். நல்லது.

கி.பி. 700 வாக்கில் ஜப்பானின் யமாட்டோ மாகாணக் கொல்லர் அமகுனி, வீரர்களின் உடைந்த வாள்களைப் பார்த்து நொந்துபோய், முப்பதே நாளில் வளைந்த வாளை உருவாக்கினாராம். கதை அழகு. ஆனால் கதை. அவர் கையொப்பம் என்று உறுதிப்பட்ட வாள் ஒன்றுகூடக் கிடையாது. அவர் தலையில் கட்டப்படும் 'கொகராசு மாரு' வாளில் கையொப்பமே இல்லை.

சரி, 700-லேயே வளைந்துவிட்டது என்று வையுங்கள். பேரரசர் ஷோமு இறந்ததும், 756-ல் அவர் உடைமைகளை கோம்யோ பேரரசி தோதாய்ஜி கோயிலுக்குக் கொடுத்தார். பட்டியலில் நூறு வாள்கள். 764 கலகத்தில் பெரும்பாலானவை எடுக்கப்பட்டுவிட்டன. அந்தக் கோயிலின் ஷோசோயின் கருவூலத்தில் மிஞ்சியிருக்கும் அக்கால வாள்களைப் பாருங்கள், பெரும்பாலும் ஸ்கேல் வைத்த மாதிரி நேர்வாள்கள். வளைவு கண்டுபிடித்து ஐம்பது வருஷமாகியும் பேரரசருக்கு யாரும் சொல்லவில்லையா?

அந்த நேர்வாளும் கடல் தாண்டி ஆசிய நிலப்பரப்பிலிருந்து வந்த வடிவம். இசோனோகாமி கோயிலின் ஏழு கிளை வாள் கொரியாவின் பேக்சே அரசிலிருந்து வந்தது. நாராவில் அதற்கும் முந்திய காலத்து ஒரு கல்லறை மேட்டில் மட்டும் 872 இரும்புப் பாளங்கள் கிடைத்தன. இரும்பே கொரியத் தீபகற்பத்திலிருந்து வந்துகொண்டிருந்த காலம் அது.

'தண்ணீரில் தோய்த்தால் வாள் தானே வளையுமே, அமகுனிக்கும் அப்படித்தான் வளைந்திருக்கும்' என்கிறார் ஒருவர். பாதி சரி. முதுகில் களிமண்ணைத் தடிமனாகவும் கூர்ப்பக்கம் மெல்லியதாகவும் பூசிச் சூடேற்றித் தண்ணீரில் இறக்கினால், கூர்ப்பக்கம் சட்டென்று குளிர்ந்து கெட்டியாகும். அப்போது அதன் கன அளவு கூடுவதால் வாள் முதுகுப் பக்கம் வளையும். நீரோ சூடோ தப்பினால் கூரில் விரிசல் விழும், அந்த வாள் குப்பைக்குத்தான். ஆனால் நேர்வாள் வேண்டும் என்கிற கொல்லர், தோய்ப்பதற்கு முன்பே எதிர்ப்பக்கம் லேசாக வளைத்துக்கொள்வார். ஆகவே வளைவை வைத்துக்கொள்வதென்பது வேண்டும் என்றே எடுத்த முடிவு.

'இரும்பை ஆயிரம் முறை மடித்து அடித்தார்' என்பதையும் விடுங்கள். பதினைந்து மடிப்புக்கே 32,768 அடுக்கு. ஒவ்வொரு மடிப்பிலும் கார்பன் எரிகிறது, செதிலாக இரும்பு உதிர்கிறது. ஆயிரம் மடித்தால் கையில் குறடுதான் மிஞ்சும்.

வளைவு எங்கிருந்து? ஆய்வாளர் பலர், ஜப்பானின் வடகிழக்கில் அரசுக்கு அடங்காமல் போரிட்ட எமிஷி மக்களைக் காட்டுகிறார்கள். அவர்களுடைய குட்டையான 'வராபிதெ' வாளில் கைப்பிடியும் அலகும் ஒரே இரும்பு, கைப்பிடி சாய்ந்திருக்கும். பிறகு வெட்டும்போது அதிர்வு கையில் ஏறாதபடி பிடியில் துளை விட்டார்கள். அலகு நீண்டது. பத்தாம் நூற்றாண்டில் தலைநகரக் காவலர் இடுப்பிலும் அதே துளைப்பிடி வாள், வளைவோடு. ஒரு ஆள் இல்லை, ஒரு மாதம் இல்லை. தலைமுறைகள்!

'தோற்றவர்களிடம் போய் ஜெயித்தவர்கள் கற்பார்களா?' என்று சிரித்த நண்பரே, 789-ல் எமிஷித் தலைவன் அதெருயியின் படை விரட்டியதில் கிதகாமி ஆற்றில் மூழ்கிச் செத்த அரசப் படையினர் 1,036 பேர். அது அரசின் வரலாற்று ஏடே எழுதிவைத்த கணக்கு. 802-ல் அதெருயி சரணடைந்தான். அரசின் தளபதி தமுராமாரோவே மன்றாடியும் கொன்றுவிட்டார்கள். ஆளைக் கொன்றவர்கள் வாளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பெருமையை அமகுனிக்கு எழுதிவைத்தது யார் என்று, சிரித்து முடித்ததும் சொல்லுங்கள்.