புது மனித இனம் என்று பெயர் வைக்க என்ன அவசரம்?

எங்கோ ஒரு தாடையெலும்பு கிடைத்தால் போதும், "புதிய மனித இனம் கண்டுபிடிப்பு" என்று செய்தி வந்துவிடும். இங்கே திருகோணமலையில் என்னிடம் ஏ.எல். உயிரியல் படிக்கிற பிள்ளைகள் அதை வட்ஸ்அப்பில் அனுப்பி, "சேர், இதையும் பாடமாக்க வேணுமா?" என்று கேட்பார்கள். கொஞ்சம் பொறுங்கோ பிள்ளையள் என்பேன். பெயர் வைக்கிற அவசரம் இந்தத் துறையின் பழைய வியாதி.

ஜோர்ஜியா நாட்டில் பழைய மனித எலும்புகள் கிடைக்கிற த்மனிசி என்ற இடத்தைப் பாருங்கள். 2000இல் அங்கே பெரிய கீழ்த்தாடை ஒன்று கிடைத்தது. ஏற்கெனவே கிடைத்தவற்றோடு ஒத்துப்போகவில்லை என்று 2002இல் ஹோமோ ஜோர்ஜிகஸ் எனத் தனி இனமாக்கினார்கள். 2005இல் அந்தத் தாடைக்குப் பொருந்துகிற மண்டையோடும் வந்தது. முகம் பெரிது, மூளையோ 546 கன சென்ரிமீற்றர்தான்; நம்முடையதில் பாதிகூட இல்லை. அதே இடத்தில், ஏறக்குறைய 18 இலட்சம் ஆண்டு பழமையில், இன்னும் நான்கு மண்டையோடுகள். அதில் ஒருவருக்குப் பல் ஏறக்குறைய எல்லாமே போய், குழிகளை எலும்பு வளர்ந்து மூடியிருந்தது. பல் விழுந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்திருக்கிறார். (அவருக்கு யார் சாப்பாடு மசித்துக் கொடுத்தார்களோ! சரி, அது வேறு கதை.)

இந்த ஐந்தும் ஐந்து நாடுகளில் கிடைத்திருந்தால் ஐந்து பெயர் வைத்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த எலும்புகளை ஆய்ந்த லோர்ட்கிபனிட்சேயின் குழு 2013இல் அளந்து பார்த்து, இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு இன்றைய மனிதருக்குள் இருப்பதைவிட அதிகமில்லை என்றது. ஜோர்ஜிகஸ், ஹோமோ எரெக்டஸ் என்ற ஏற்கெனவே தெரிந்த பழைய மனித இனத்துக்குள் ஓர் உள்வகையாகச் சுருங்கியது. நம்மூர் பஸ் நிலையத்தில் நிற்கிற ஐந்து பேரின் தாடையை அளந்தாலும் கிழவர், பெண், பதின்ம வயதுப் பையன் என்று ஒன்றுபோல் ஒன்று இருக்காதே.

நம் நாட்டுக் கதையும் உண்டு. ஆய்வாளர் பி.ஈ.பி. தெரணியகல, இலங்கையில் வாழ்ந்த கற்கால மனிதரான பலாங்கொடை மனிதனுக்கு ஹோமோ சேப்பியன்ஸ் பலாங்கொடென்சிஸ் என்று ஒரு துணையினப் பெயர் கொடுத்தார். அதைக் கேட்டுவிட்டு, அது நம்மைவிட வேறான ஏதோ மனிதன் என்று நினைக்கிற பெரியவர்களே இருக்கிறார்கள். பாஹியன்கல, பட்டதொம்பலென குகைகளில் கிடைத்த அவர்களின் எலும்புகள் நம்மைப் போன்ற சேப்பியன்ஸ்தான்.

அதற்காகப் பெயரே வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவின் ரைசிங் ஸ்டார் குகையில் 1,500க்கும் மேற்பட்ட எலும்புகள், குறைந்தது 15 பேருடையவை, கிடைத்த பிறகுதான் 2015இல் ஹோமோ நலெடி என்றார்கள். இத்தனை பேரிலும் ஒரே மாதிரியான விசித்திரக் கலவை: சின்ன மூளை, நம்முடையதைப் போன்ற பாதம். அப்போது காலம்கூடத் தெரியாது. 2017இல்தான் சுமார் 3,35,000 முதல் 2,36,000 ஆண்டுகளுக்கு இடைப்பட்டது என்று வந்தது. பெயர் அசையவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது டெனிசோவன் என்ற அழிந்துபோன மனிதக் கூட்டத்தின் விசயம். சைபீரியக் குகையில் கிடைத்த ஒரு விரலெலும்பின் டி.என்.ஏ., இவர்கள் தனிக் கூட்டம் என்று 2010இல் காட்டியும், ஆய்வாளர்கள் அப்போது இலத்தீன் பெயர் எதுவும் வைக்கவில்லை. அந்தப் பொறுமை பெரிய விசயம். பிறகு சீனாவின் ஹார்பின் மண்டையோட்டுக்கு 2021இல் ஹோமோ லோங்கி என்று பெயர் வந்தது. 2025இல் பார்த்தால், புரதமும் டி.என்.ஏ.யும் அதை டெனிசோவன் பக்கம் கொண்டுபோய் நிறுத்தின. இப்போது டெனிசோவன் எல்லோரையும் லோங்கி என்று அழைப்பதா என்பது சண்டை. என்னைக் கேட்டால், முழு மண்டையோடு இன்னும் நாலைந்து வரட்டும். அதுவரை டெனிசோவன் என்றே சொல்லலாம்.