செவ்வாய்க்கிழமை எங்கள் கடை திறக்காது

"நேத்து ஏம்மா கடை பூட்டிக் கிடந்துச்சு?"

ஒன்பது மாதமாகப் புதன்கிழமை காலையில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுவிடுகிறார். வாசலில் போர்டு மாட்டியிருக்கிறோம். ஆனாலும் கேட்கிறார்கள். போன வாரம் பல வருஷ வாடிக்கைக்காரர், வயதில் பெரியவர், கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "சாப்பாட்டுக் கடைக்கு லீவு விடலாமாம்மா? பசிக்கு லீவு உண்டா?" அடுப்பில் பொங்கலுக்கு நெய் காய்ந்துகொண்டிருந்தது. அப்போது நின்று பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

லீவு விடத்தான் வேண்டும். குடும்பமாகச் சேர்ந்து சின்ன டிபன் கடை நடத்துகிற எல்லோரும் வாரத்தில் ஒரு நாள் கடையைப் பூட்ட வேண்டும். முடிந்தால் செய்யலாம் என்று சொல்லவில்லை, செய்தே ஆக வேண்டும் என்கிறேன். பத்து வருஷத்துக்கு மேல் அப்படிச் செய்யாமல் இருந்ததில் எங்கள் வீட்டில் என்னவெல்லாம் போயிற்று என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் கும்பகோணத்தில் மகாமகக் குளத்திலிருந்து கொஞ்சம் தள்ளிக் கடை வைத்திருக்கிறோம். 2014-இல் ஆரம்பித்தோம். நான்கு டேபிள், ஒரு தோசைக்கல், பார்சலுக்கு ஒரு சின்ன மேஜை, அவ்வளவுதான். காலையில் இட்லி, பொங்கல், பூரி. இரவில் இட்லி, தோசை, ஊத்தப்பம். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் இட்லிக்குக் கடப்பா உண்டு. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட எங்கள் ஊர்க் கடப்பாவுக்கென்றே பக்கத்துத் தெருக்களிலிருந்து தூக்குவாளி எடுத்துக்கொண்டு வருவார்கள். விடிகாலை நாலு மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தால், இரவு கல்லைத் துடைத்துக் கவிழ்த்து வைக்கும்போது பதினோரு மணி. மகள் நடக்கப் பழகியது கடையில்தான். மகன் தூங்கிப் பழகியது கிரைண்டர் சத்தத்தில்தான்.

2016 மகாமகத்தை மறக்கவே முடியாது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவது. எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வந்து முழுகிவிட்டுப் போனார்கள். பத்து நாள் நாங்கள் சரியாகத் தூங்கவில்லை. வந்த பணத்தில் இரண்டாவது கிரைண்டர் வாங்கினோம். ஆனால் கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் குளத்தில் என் மாமியாரை ஒரு முழுக்குப் போட வைக்க எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. அத்தை கேட்டார். "நாளைக்குப் போகலாம் அத்தை" என்று தினமும் சொன்னேன். கடைசி நாளும் போய்விட்டது. அடுத்தது 2028-இல். அத்தைக்கு இப்போது எழுபத்தி நாலு வயது.

விசேஷ வீடுகளுக்குப் போவதும் இப்படித்தான். காதுகுத்தோ வளைகாப்போ கல்யாணமோ, காலை வியாபாரம் முடித்துப் பாத்திரத்தை ஒதுக்கிவிட்டுப் போய்ச் சேரும்போது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருக்கும். மொய் எழுதி, சாப்பிட்டு, இலையை மூடி, உடனே கிளம்பிவிடுவோம். "வந்ததும் தெரியலை, போனதும் தெரியலை" என்பார்கள். என் தங்கை மகள் சடங்குக்கு நான் போய்ச் சேர்ந்தபோது சீர்த்தட்டெல்லாம் உள்ளே போய்விட்டது. பெரியம்மா முறை செய்ய வேண்டியவள் நான். தங்கை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

நாங்கள் போக முடியாததால் அவர்களே எங்களைப் பார்க்க வருவார்கள். அப்படி வந்துகொண்டிருந்தவர்களில் என் அப்பாதான் முக்கியமானவர்.

அப்பா மன்னார்குடியில் தனியாக இருக்கிறார். மாதம் ஒருமுறை, சில மாதம் இரண்டு முறை, காலைப் பஸ் ஏறி வந்துவிடுவார். மஞ்சப்பையில் பிள்ளைகளுக்கு ஏதாவது இருக்கும். வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுவார். சமையல்கட்டில் கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் உட்கார்ந்து, கேட்காமலேயே சின்ன வெங்காயக் கூடையை முன்னால் இழுத்துக்கொள்வார். ஒவ்வொரு வெங்காயத்துக்கும் தலையையும் வாலையும் கிள்ளி, கட்டை விரல் நகத்தால் தோலை ஒரே இழுப்பில் உரித்து, தண்ணீர்ச் சட்டியில் போடுவார். நான் தேங்காய் துருவுவேன், பருப்பைக் கடைவேன், நடுவில் கல்லாவுக்கு ஓடுவேன். "சாப்டியாப்பா?", "மாத்திரை போடுறியா?", "கால் வலி எப்படி இருக்கு?" இவ்வளவுதான் பேச்சு. அதற்கும் பாதிப் பதில் காதில் விழாது. இரண்டு கிலோ வெங்காயம் முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, "சரிம்மா, நாலு மணி பஸ்ஸப் புடிக்கிறேன்" என்று எழுந்துவிடுவார்.

ஒருநாள் அவர் போனபிறகு என் மகன் கேட்டான்: "அம்மா, தாத்தா நம்ம கடையில வேலை பாக்குறாரா?"

அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை, பார்த்ததைக் கேட்டான். அன்றிரவு மாவு வழித்துக்கொண்டே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "ஏங்க, வாரத்துல ஒரு நாள் பூட்டிடலாங்க." அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எந்தக் கிழமை?" என்று மட்டும் கேட்டார்.

இந்த ஊரில் அது லேசான கேள்வி இல்லை. எங்களைச் சுற்றி நவக்கிரகக் கோயில்கள். ஞாயிறு சூரியனார் கோயில், அன்றே சாயங்கால ராகு காலத்துக்குத் திருநாகேஸ்வரம். திங்கள் திங்களூர், செவ்வாய் வைத்தீஸ்வரன் கோயில், புதன் திருவெண்காடு, வியாழன் ஆலங்குடி, வெள்ளி கஞ்சனூர், சனி திருநள்ளாறு. எந்தக் கிழமையானாலும் ஏதோ ஒரு கோயிலுக்குப் போகிற வேன் எங்கள் தெருவில் நிற்கும். கடைசியில் கல்யாணத்தை வைத்துத்தான் முடிவு செய்தோம். செவ்வாய்க்கிழமையில் முகூர்த்தம் வைக்க மாட்டார்கள், அதனால் அன்றைக்கு வெளியூர்க் கூட்டம் கொஞ்சம் குறைவு. ஆனால் செவ்வாய்க்கிழமை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டே? அதற்காக மாதத்தில் ஒரு வாரம் மட்டும் செவ்வாய் திறந்து, ஞாயிறு பூட்டுகிறோம். அந்த ஞாயிறு கடப்பா வியாபாரம் போகிறது. போகட்டும்.

அடுத்த சிக்கல் மாவு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. இட்லிக் கடையில் லீவு என்பது முந்தின நாளும் அடுத்த நாளும் சேர்ந்த கணக்கு. புதன் காலை இட்லி வேண்டுமென்றால் செவ்வாய் மதியமே அரிசியும் உளுந்தும் ஊறப்போட வேண்டும், சாயங்காலம் ஆட்ட வேண்டும், ராத்திரி முழுக்கப் புளிக்க வேண்டும். எட்டுக் கிலோ அரிசி, இரண்டு கிலோ உளுந்து. ஆட்டி, வழித்து, கழுவி முடிக்கவே மூன்று மணி நேரம் ஆகிவிடும். முதல் இரண்டு செவ்வாயும் கடை பூட்டியிருந்தது, ஆனால் நான் கிரைண்டர் முன்னால்தான் இருந்தேன். கடைக்குத்தான் லீவு, எனக்கு இல்லை.

அதனால் புதன்கிழமை காலை இட்லியை நிறுத்தினோம். பொங்கல், பூரி, கிச்சடி, ரவா தோசை மட்டும். எதற்கும் முந்தின நாள் வேலை கிடையாது. இட்லி புதன் ராத்திரியிலிருந்துதான். முதல் மாதம் முணுமுணுத்தார்கள். இப்போது புதன்கிழமைப் பொங்கலுக்கென்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். இட்லி வேலை இல்லாததால் அன்றைக்குப் பொங்கலை நன்றாகக் குழைய விட நேரம் கிடைக்கிறது. லீவு விட நினைத்தும் மாவை நினைத்துத் தயங்குகிறவர்கள் இந்த வழியைச் செய்து பாருங்கள்.

பணம்? ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு நாள் பூட்டினால் எங்களுக்குச் சுமார் ஆறாயிரம் ரூபாய் வியாபாரம் போகும். மளிகை, காய்கறி, சிலிண்டர், சம்பளம் போக அதில் கையில் நிற்பது ஆயிரத்து ஐந்நூறு. மாதம் நாலு நாளைக்கு ஆறாயிரம் நஷ்டம். எங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. அந்த வருஷம் சீட்டுப் போடுவதைக் குறைத்துக்கொண்டோம். மகளுக்கு எடுக்க நினைத்த தோடு தள்ளிப்போயிற்று. ஆனால் முன்பு மாதம் ஒருமுறையாவது யாராவது ஒருவர் படுத்துவிடுவோம், அவருக்கு முதுகு, எனக்குக் காய்ச்சல். அப்போது நாலு நாள் சேர்ந்தாற்போல் கடை மூடும். ஊறிய உளுந்தும் அரைத்த மாவும் வீணாகும். இந்த ஒன்பது மாதத்தில் அப்படி ஒருமுறைதான் ஆனது.

ஹோட்டல் தொழிலாளர்களுக்கென்று 1958-லேயே நம் மாநிலத்தில் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை அதில் இருக்கிறது. நின்றுகொண்டே வேலை பார்க்கும் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் இன்னொரு சட்டத்தைத் திருத்தினார்கள். இரண்டுமே நியாயமானவை. எங்கள் மாஸ்டருக்கும் பாத்திரம் கழுவும் அக்காவுக்கும் முன்பும் வார லீவு கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம். மாஸ்டர் லீவு என்றால் அன்றைக்குக் கல்லில் என் வீட்டுக்காரர் நிற்பார். அக்கா லீவு என்றால் தொட்டியில் என் கை. ஆக, எல்லோருடைய லீவும் எங்கள் தலையில் வந்து விழும். எங்கள் லீவை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. முதலாளி என்று பேர், ஆனால் லீவு கேட்கக்கூட ஒரு இடம் கிடையாது. சின்னக் கடைகளில் வீட்டுப் பெண்கள் பார்க்கும் வேலையை யாரும் வேலைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நாங்களே சேர்ப்பதில்லை. அதில்தான் எனக்கு ரொம்ப வருத்தம்.

எங்கள் முதல் ஞாயிறு எங்கே போனோம் தெரியுமா? தாராசுரம். இங்கிருந்து நாலு கிலோமீட்டர். சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டே "தாராசுரத்துக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்ட எத்தனையோ பேருக்கு வழி சொல்லியிருக்கிறேன். இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயில், 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்று மகள் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து ஒப்பித்தாள். கல்யாணமான புதிதில் போனபிறகு நான் உள்ளே கால் வைத்ததே இல்லை. அங்கே யானைக்கும் காளைக்கும் ஒரே தலையாகச் செதுக்கிய சிற்பம் ஒன்று உண்டு. மகள் ஒரு பக்கத்து உடம்பை உள்ளங்கையால் மறைத்து "இப்ப யானை" என்றாள், கையை மாற்றி வைத்து "இப்ப மாடு" என்றாள். தம்பிக்குக் காட்டினாள், அப்புறம் தன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள், அப்புறம் அத்தையை. நாலு பேரும் வரிசையாகக் கையை வைத்து வைத்துப் பார்த்தார்கள். யாருக்கும் எங்கேயும் ஓட வேண்டிய அவசரம் இல்லை. புல்வெளியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

இன்னொரு ஞாயிறு மயிலாடுதுறை போய், பஸ் மாறித் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, முன்னால் கடல். 1706-இல் ஜெர்மனிப் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர், தமிழில் அச்சடித்த ஊர் என்று என் வீட்டுக்காரர் பிள்ளைகளுக்குச் சொன்னார். இதெல்லாம் அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மதியம் ஒரு சின்ன மெஸ்ஸில் சாப்பிட்டோம். இலை போட்டு, தண்ணீர் வைத்து, யாரோ எங்களுக்குப் பரிமாறினார்கள். கிளம்பும்போது அவர் சமையல்கட்டு வாசல் வரை போய், "சாம்பார் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். உள்ளேயிருந்து ஓர் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு.

பசிக்கு லீவு உண்டா என்று கேட்ட பெரியவருக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது ஐயா. வீட்டில் சமைக்க ஆளில்லாதவர்கள், ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள், உங்களைப் போலத் தனியாக இருப்பவர்கள் எங்களை நம்பித்தான் இருக்கிறீர்கள். அதனால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் கடைக்காரரிடம் பேசியிருக்கிறோம். அவர்களும் வாரம் ஒரு நாள் பூட்ட யோசிக்கிறார்கள். அவர்கள் வியாழக்கிழமை என்றால், செவ்வாய் நீங்கள் அங்கே போகலாம், வியாழன் அவர்களுடைய ஆட்கள் இங்கே வரலாம். ஒவ்வொரு தெருவிலும் கடைக்காரர்கள் இப்படிக் கிழமையைப் பிரித்துக்கொண்டால் யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. அவர்களைப் போட்டியாக நினைத்துப் பத்து வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது எங்கள் தப்பு.

நேற்றுச் செவ்வாய் நான் மட்டும் மன்னார்குடி போயிருந்தேன். அப்பாவுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "என்னம்மா, கடை?" என்று பதறி எழுந்தார். "இன்னைக்கு லீவுப்பா" என்றேன். மதியம் சமைக்கலாம் என்று வெங்காயக் கூடையைத் தேடி எடுத்தால், கையிலிருந்து வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "நீ உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். அம்மாவைப் பெண் பார்க்கப் போன கதையை ஆரம்பித்தார். எனக்கு இத்தனை வயதாகியும் அதை முழுசாகக் கேட்டதில்லை. வெங்காயம் உரித்து முடிந்து, குழம்பு கொதித்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகும் கதை முடியவில்லை. நாலு மணி பஸ்ஸை விட்டுவிட்டு ஆறு மணி பஸ்ஸில் ஏறினேன்.