முகத்துவாரத்தில் எத்தனை முழம்?

2023 அக்டோபரில் நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள், அதற்கு முன்னால் துறைமுகத்தைத் தூர்வாரினார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஒரு தடவை வாரிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. வீட்டை ஒரு நாள் பெருக்கிவிட்டு வருஷம் முழுக்க விளக்குமாற்றை ஒளித்து வைப்போமா?

எங்கள் கடலில் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்காற்று மாதங்களில் கரையோரமாகவே வடக்கே போகும், வாடையில் தெற்கே திரும்பும். நடுவில் எங்கள் துறைமுகம் இருக்கிற கடுவையாற்று வாய் இருக்கிறது, அதில் வந்து தங்கிவிடும். ஆற்றுத் தண்ணீராவது அதைத் தள்ளிவிடும் என்றால், 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு தண்ணீர் முறை வைத்துத்தான் வருகிறது, அதுவும் வயலுக்கெல்லாம் போய்க் கடைமடைக்கு வரும்போது மணலைத் தள்ளுகிற வேகம் ஏது? மழைக்கால வெள்ளம் ஒன்றுதான் கதி. கடல் ஏற்றத்தை நம்பலாம் என்றால் இங்கே அது ஒரு மீட்டர்கூட ஏறாது.

சின்ன வயதில் அப்பாவோடு விசைப்படகில் திரும்பி வருவேன். முகத்துவாரம் நெருங்கினால் ஒருத்தர் அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், ஆழம் பார்க்கும் கழியோடு நிற்பார், கழியில் முழத்துக்கு ஒரு சிவப்புத் துணி. "நாலு" என்றால் உள்ளே போகலாம். "மூணு" என்றால் இன்ஜினைக் குறைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு தடவை அவசரப்பட்டு மணலில் ஏற்றிவிட்டோம், பின்னாலிருந்து வந்த அலை படகைக் குறுக்கே திருப்பிவிட்டது, ஐஸ் பெட்டியெல்லாம் சரிந்து மீன் பாதி கடலுக்கே போய்விட்டது. ஆள் தப்பியது பெரிசு.

இன்னொன்று, வாரிய மணலை எங்கே கொட்டுகிறார்கள் என்று யாரும் கேட்பதே இல்லை. தெற்குப் பக்கம் கொட்டினால் அடுத்த தென்காற்றுக்கு அதே மணல் நடந்தே வாய்க்குள் வந்துவிடும், அப்புறம் அதற்கே இன்னொரு டெண்டர். கரை அரித்துக்கொண்டிருக்கும் வடக்கே கொண்டுபோய்க் கொட்டுங்கள், அங்கேயாவது உபயோகம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் படகெல்லாம் கட்டித்தான் கிடக்கிறது, வாருவதற்கு அதைவிட வசதியான நேரம் கிடைக்குமா?

பயணிகள் கப்பலுக்கு ஆழம் வேண்டும், சரி. அதே வாயில்தான் தினமும் அக்கரைப்பேட்டை மீன்பிடிப் படகும் போய்வருகிறது. வாடைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை ஆழம் அளந்து துறைமுகத்தில் எழுதிப் போடுங்கள். கரும்பலகையும் சாக்கட்டியும் நாங்களே வாங்கித் தருகிறோம்.