சிப்பின் பெயரைப் பெட்டியின்மேல் அச்சிட என்ன தடை?

என் கைக்கு இரண்டு யுஎஸ்பி வைஃபை அடாப்டர்கள் வந்துசேர்ந்தன. ஒன்று சென்ற ஆண்டு வாங்கியது, மற்றொன்று போன வாரம் காரைக்குடியில் அதே கடையில் வாங்கியது. பெட்டியின் நிறம், மேலே அச்சிட்ட படம், மாடல் எண், விலை எல்லாம் ஒன்றுதான். முதலாவதைச் செருகிய பத்தாவது நொடியில் லினக்ஸ் இயங்குதளம் அதை அடையாளம் கண்டு, தெருவிலுள்ள வைஃபை பெயர்களையெல்லாம் வரிசையாகக் காட்டியது. இரண்டாவது என்னுடைய இரண்டு இரவுகளையும், எதிர்வீட்டுப் பெண்ணின் ஒரு காலைப்பொழுதையும் விழுங்கிவிட்டது. பார்கோடுக்குக் கீழே, கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால் மட்டுமே தென்படும் அளவில், 'வி3' என்று ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கின்றன. உள்ளே இருக்கும் சிப்பையே மாற்றிவிட்டோம் என்பதை வாங்குபவனுக்குச் சொல்ல அந்த நிறுவனம் போதுமென்று நினைத்தது அவ்வளவுதான்.

எங்கள் ஊர் வீடுகளின் அமைப்பு தெரிந்தவர்களுக்கு இந்த அடாப்டர் ஏன் தேவைப்படுகிறது என்று விளக்க வேண்டியதில்லை. இணைய இணைப்புக் கொடுக்க வருபவர் ரவுட்டரை முகப்பில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். பிள்ளைகள் படிப்பது உள்முற்றமான வளவைத் தாண்டி இரண்டாங்கட்டில். இடையில் செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய கனத்த சுவர்கள் நிற்கின்றன. பழைய மடிக்கணினிக்குள் இருக்கும் சிறிய ஆன்டெனாவால் அவற்றைத் தாண்டிவர முடிவதில்லை. எதிர்வீட்டுப் பெண் வைத்திருப்பது, அவளுடைய அண்ணனுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினி. விண்டோஸில் அது திறப்பதற்குள் காப்பி ஆறிவிடும் என்பதால் நான்தான் அதில் லினக்ஸ் நிறுவிக் கொடுத்தேன், நான்தான் "இந்த அடாப்டரையே வாங்கு, நான் ஒரு வருஷமாகப் பயன்படுத்துகிறேன்" என்றும் சொன்னேன். என் சொல்லை நம்பித்தான் அந்த வீட்டில் பணம் கொடுத்தார்கள்.

முதல் இரவு எட்டு மணிக்குச் செருகினேன். வைஃபை சின்னம் வரவில்லை. மாறாக, திரையில் ஒரு சிடி டிரைவ் முளைத்தது. இணைந்திருக்கும் யுஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையும் அதைச் சேமிப்புக் கருவி என்றே காட்டியது. இந்த வகை அடாப்டர்கள் செருகியவுடன் தம்மைச் சிடியாக அறிவித்துக்கொள்கின்றன. விண்டோஸ் அந்தப் பொய்ச் சிடியிலிருந்து, கருவியை இயக்கும் மென்பொருளான டிரைவரை எடுத்துப் பதிந்துகொண்ட பிறகுதான் அவை வைஃபை கருவியாக உருமாறும். லினக்ஸில் அது தானாக நடக்காதபோது அந்த உருமாற்றத்தை நாமே யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற கருவியால் செய்ய வேண்டும். அதைச் செய்தேன். நான்கு இலக்கம், ஒரு முக்காற்புள்ளி, மறுபடி நான்கு இலக்கம் என்று சிப்பின் உண்மையான அடையாள எண் வெளிப்பட்டது. என் பழைய அடாப்டரைக் கொண்டுவந்து பக்கத்துத் துளையில் செருகிப் பார்த்தேன். எண் வேறு. நிறுவனத்தைக் குறிக்கும் முதல் நான்கு இலக்கம்கூட ஒத்துப்போகவில்லை, அதாவது சிப்பை வேறொரு நிறுவனத்திடமிருந்து வாங்கிப் பொருத்தியிருக்கிறார்கள்.

புதிய சிப்புக்கான டிரைவர் அந்த மடிக்கணினியின் கெர்னலில், அதாவது லினக்ஸின் மையப்பகுதியில், இல்லை. பெட்டியின் பின்பக்கத்தில் "லினக்ஸில் இயங்கும்" என்று எழுதியிருப்பதற்கு ஆதாரமாக உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிச் சிடி வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்கச் சிடி டிரைவ் உள்ள கணினியைத் தேடி மறுநாள் பக்கத்துத் தெருவுக்குப் போனேன். அதிலிருந்த டிரைவர் மூலநிரல் 4-ஆம் வரிசைக் கெர்னல்களுக்காக எழுதப்பட்டது, இந்தக் கணினியில் ஓடுவதோ 6.8. மூலநிரலிலிருந்து டிரைவரைக் கட்டும் மேக் கட்டளையைக் கொடுத்ததும் பிழைச் செய்திகள் திரையை நிறைத்துக்கொண்டு ஓடின. கெர்னலின் உள்பக்கச் செயற்கூறுகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதும், அவை மாறாது என்று யாரும் வாக்குறுதி கொடுத்ததில்லை என்பதும் அந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். கெர்னலோடு சேர்ந்திருக்கும் டிரைவர்களை, செயற்கூறை மாற்றுகிறவரே கையோடு திருத்திவிடுகிறார். வெளியே தனியாக விடப்பட்ட டிரைவரைத் திருத்த ஆளில்லை. இதைத் தெரிந்துகொண்டே, ஒருமுறை எழுதிச் சிடியில் அடைத்துவிட்டு, அதைக் காட்டி 'இயங்கும்' என்று அச்சிட்டு விற்பதை ஏமாற்று என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

சம்பளமில்லாமல் யாரோ சிலர் அந்த மூலநிரலைப் புதிய கெர்னலுக்கு ஏற்றபடி திருத்தி வைத்திருந்தார்கள், அவர்கள் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் அதைத் தரவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு இந்த அடாப்டர் வேண்டும். கைபேசியைக் கேபிளால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங் போட்டால் லினக்ஸ் எந்தத் தனி டிரைவரும் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். அந்த வழி தெரியாத எத்தனை பேர் இந்த இடத்திலேயே கைவிட்டு விண்டோஸுக்குத் திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. கெர்னலுக்கு ஏற்ப டிரைவரைக் கட்டித்தரும் டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாக நிறுவினேன். டிரைவர் உருவானது, ஆனால் ஏற மறுத்தது: தேவையான சாவி இல்லை என்றது செய்தி. நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இயங்கும் கணினியில், கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னல் உள்ளே விடாது. சாவி உருவாக்கி, கடவுச்சொல் வைத்து, மறுதொடக்கத்தில் வந்த நீலத்திரையில் அதை ஒப்புக்கொடுத்து முடித்தபோது இரவு பன்னிரண்டரை. "தம்பி, காலையில பாத்துக்கலாமே, சாப்பிடாமக் கொள்ளாம உட்கார்ந்திருக்கீகளே" என்று அந்தப் பெண்ணின் ஆத்தா மூன்றாவது முறையாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவழியாக வைஃபை வந்தது.

இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு அவள் வாசலில் நின்றாள். "அண்ணே, வைஃபை சின்னமே காணோம். இன்னைக்குச் சாயங்காலத்தோட சாய்ஸ் ஃபில்லிங் முடியுதுண்ணே." பொறியியல் கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் அது. இரவில் கணினி தானாகவே புதிய கெர்னலைப் பதிந்துகொண்டிருந்தது. கெர்னல் மாறும்போதெல்லாம் டிகேஎம்எஸ் டிரைவரை மறுபடி கட்டித்தர வேண்டும், அதற்கு அந்தக் கெர்னலுக்குரிய ஹெடர் என்ற கோப்புத் தொகுப்பு தேவை. நான் அன்று ஓடிக்கொண்டிருந்த கெர்னலுக்கான ஹெடரை மட்டும் போட்டிருந்தேன், ஒவ்வொரு கெர்னலோடும் சேர்ந்து வரும் பொதுத் தொகுப்பைப் போடவில்லை. அது என் தவறுதான், மறைக்கவில்லை. ஆனால் ப்ளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்கும் கெர்னல் ஹெடருக்கும் என்ன சம்பந்தம்? கைகள் நடுங்க நடுங்க, கைபேசியைக் கேபிளில் மாட்டிக்கொண்டு அவள் தன் பட்டியலை நிரப்பினாள்.

"லினக்ஸ் என்றாலே இப்படித்தான்" என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். 2008-இலேயே ஏதெரோஸ் நிறுவனம் தன்னுடைய சிப்களுக்கான ஏடிஹெச்9கே டிரைவரை, யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூலமாகக் கொடுத்தது. அது கெர்னலுக்குள் சேர்ந்துவிட்டதால், அந்தச் சிப் உள்ள பழைய கருவியை இன்றும் செருகினால் பேச்சில்லாமல் வேலை செய்கிறது. என் முதல் அடாப்டருக்குள் இருப்பது அதே குடும்பத்துச் சிப். லினக்ஸ் தரப்பிலும் இறங்கி வந்திருக்கிறார்கள். கட்டற்ற மென்பொருள் கொள்கையில் அவ்வளவு கண்டிப்பான டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டுக் குழுகூட, 2022-இல் தனக்குள் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து கருவிகளுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரில் கட்டற்றதல்லாததையும் நிறுவல் வட்டிலேயே சேர்த்துத் தருகிறது. வைஃபை இல்லாமல் தவிக்கும் பயனருக்காகக் கொள்கையையே தளர்த்தியவர்கள் அவர்கள். எதையும் தளர்த்தாதவர்கள் அடாப்டர் செய்து விற்பவர்கள்தான்.

அவர்களிடம் நான் டிரைவர் எழுதச் சொல்லவில்லை. சிப்பை மாற்றினால் மாடல் எண்ணையும் மாற்றுங்கள். மாற்ற மனமில்லையென்றால் சிப்பின் பெயரையும் எண்ணையும் பெட்டியின் முன்பக்கம் படிக்கும் அளவில் அச்சிடுங்கள். ஊறுகாய்ப் பாக்கெட்டில்கூட உள்ளே போட்ட பொருளையெல்லாம் எழுதித்தானே விற்கிறார்கள்?

நேற்று அடாப்டரைத் திருப்பிக்கொடுக்கப் போனேன். "பெட்டியைப் பிரிச்சுட்டீங்களே சார், எடுக்க மாட்டோம்" என்றார் கடைக்காரர். பிரிக்காமல் உள்ளே என்ன சிப் என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். அவரிடமும் பதில் இல்லை, அவருக்கும் பெட்டியில் எழுதியதைத் தவிர வேறெதுவும் தெரியாது. என் பழைய அடாப்டரை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டேன். அங்கே செருகியவுடன் வைஃபை வந்துவிட்டது. 'வி3' என் மேசைக்கு வந்துவிட்டது, அடுத்த கெர்னல் வரும்போது அதோடு மல்லுக்கட்ட வேண்டியவன் நான்.