91ஆம் சங்கீதத்தோடு எனக்கொரு கணக்கு

காலையில் போனைத் திறந்தால் இரண்டு பேராவது வேதாகமத்தின் 91ஆம் சங்கீதத்தை, கடவுள் காப்பார் என்று சொல்லும் அந்தப் பாட்டை, அனுப்பியிருப்பார்கள். சூரிய உதயப் படம், மூலையில் ரோசாப்பூ, நடுவில் வசனம். அனுப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தச் சங்கீதத்தோடு எனக்கொரு பழைய கணக்கு இருக்கிறது.

2009 ஏப்ரல், வன்னிப் போரின் கடைசி மாதங்கள், முல்லைத்தீவுக் கரையில் பொக்கணை. கடற்கரை மணலில் வெட்டிய பங்கர், பதுங்குகுழி. அம்மாவின் சேலைகளைத் தைத்து மண் நிரப்பி மேலே அடுக்கியிருந்தோம், கூறைச்சேலை உட்பட. ஷெல் விழத் தொடங்கினால் அம்மா 91ஐ மனப்பாடமாகச் சொல்வார், அண்ணாவும் நானும் பின்னால் சொல்வோம். "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது." பக்கத்துப் பங்கரிலும் எங்களைப் போல வேதக்காரர், கிறிஸ்தவர்கள்தான். அவர்களும் அதையேதான் சொன்னார்கள், எங்களுக்குக் கேட்கும். ஒரு பின்னேரத்துக்குப் பிறகு கேட்கவில்லை.

மே மாதம் வட்டுவாகல் பாலம் கடந்து இராணுவத்தின் பக்கம் வந்த பிறகு அண்ணாவையும் காணவில்லை.

போரிலிருந்து வந்தவர்களை அடைத்து வைத்த செட்டிகுளம் முகாமில் யாரோ ஒரு சின்னப் புதிய ஏற்பாடு தந்தார்கள், பின்பக்கம் சங்கீதங்களும் சேர்த்தது. தறப்பாள் கூடார வெக்கையில் வேறு வேலையும் இல்லை. 91 வந்துவிடுமோ என்று பயந்து பயந்து தாள் புரட்டியவள் 88இல் போய் நின்றேன். அதுவரை எந்த ஆராதனையிலும் அதை யாரும் வாசித்துக் கேட்டதில்லை. புலம்பல் சங்கீதங்கள் நிறைய உண்டு, ஆனால் அநேகமாக எல்லாமே கடைசியில் ஒரு நம்பிக்கை வார்த்தைக்கோ துதிக்கோ திரும்பிவிடும். ஏமான் என்பவருடைய இந்த 88ஆம் சங்கீதம் திரும்புவதே இல்லை. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று அப்படியே நின்றுவிடுகிறது. அந்த முகாமில் அந்த வரிக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

கடவுளோடு சண்டை பிடிக்கிறவனுக்கும் வேதத்துக்குள் ஒரு பாய் போட்டிருக்கிறது என்பது எனக்குப் பெரிய புதினமாக இருந்தது. கனநாளைக்குப் பிறகு அன்றிரவு நித்திரை வந்தது. சமாதானம் என்று நான் சொல்வது அவ்வளவுதான். ஒன்றும் தீரவில்லை. பொய் சொல்லாமல் ஜெபிக்க ஒரு வழி கிடைத்தது.

வன்னியில் 'சமாதான காலம்' என்றால் 2002இல் போர்நிறுத்தத்தோடு, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்த காலம். 2006இல் பாதை மூடியதோடு அதுவும் போயிற்று. "உலகம் கொடுக்கிறபிரகாரம் நான் உங்களுக்குக் கொடுக்கிறதில்லை" என்று யோவான் 14இல் இயேசு தன் சமாதானத்தைப் பற்றிச் சொல்வதை எங்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவர் அதைச் சொன்னதும் பிடிபடப்போகிற இரவில்தான்.

போன மாதம் ஒரு செத்தவீட்டில், "எல்லாம் ஆண்டவருடைய திட்டம், அழக்கூடாது" என்று பிரசங்கம் நடந்தது. பெட்டியில் கிடந்தது இருபது வயதுப் பிள்ளை. தாய்க்காரி முகத்தை மூடிக்கொண்டு அழுகையை விழுங்கினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பிள்ளைகளையும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்தார்களே, அந்த ஏழு நாள்தான் அவர்கள் செய்த உருப்படியான ஊழியம். பேசத் தொடங்கித்தான் கெடுத்தார்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். இயேசுவைச் சோதித்தபோது சாத்தான் எடுத்துச் சொன்ன வசனம் 91ஆம் சங்கீதத்தில் உள்ளது. சிலுவையில் இயேசு கத்தியது 22ஆம் சங்கீதம்: ஏன் என்னைக் கைவிட்டீர்.

இதையெல்லாம் ஒருநாள் அம்மாவிடம் கொட்டினேன். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கிய நாள் முதல் அண்ணாவின் படத்தோடு போய் வருகிறவர் அவர். பக்கத்தில் இருக்கும் அம்மா கையில் திருநீறு, என் அம்மா கையில் வேதாகமம். இன்னமும் 91ஐத்தான் திறந்து வைத்திருப்பார். பதினாயிரம் பேர் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் எப்படியம்மா அதைச் சொல்ல முடிகிறது என்று கேட்டேன்.

"எனக்காகவே சொல்லுறன்? அவன் எங்கை இருக்கிறானோ, அது அவனை அணுகக்கூடாது எண்டுதான் பிள்ளை சொல்லுறன். நீ உன்ரை 88ஐ வாசி."